கரீபியன் கப்பல் பயணம்: கரையிறங்கும் நாளும் சாப்பாட்டுக் கணக்கும்

[காட்சி: துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் வாசல். பயணிகள் அட்டையைக் காட்டிவிட்டு இறங்குகிறார்கள். வாசலருகே ஒரு பலகையில் திரும்பி ஏற வேண்டிய நேரம் எழுதப்பட்டிருக்கிறது.]

வணக்கம். மயாமியிலிருந்து ஒரு வாரக் கரீபியன் பயணம் கிளம்புகிறவர்கள் பலரும் எந்தக் கடற்கரைக்குப் போவது, எதைப் பார்ப்பது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, கப்பலுக்குத் திரும்புவதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே இந்த வீடியோவில் நான் வலியுறுத்த விரும்புவது. நீங்கள் இப்போது திரையில் காணும் பலகையில் உள்ள நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி அன்றைய நாளை வகுக்க வேண்டும். மதியச் சாப்பாடும் அந்தக் கணக்கில் அடங்கும்.

அந்த நேரம் கப்பல் புறப்படும் நேரம் அல்ல. புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகவே எல்லோரும் ஏறிவிட வேண்டும் என்பது பொது வழக்கம். அது எந்தக் கடிகாரத்தின் நேரம் என்பது இன்னும் முக்கியமானது. மெக்சிகோவின் கோஸுமெல் தீவு ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகிறது. மயாமியிலோ கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கிறார்கள். அதனால் ஜூலை மாதத்தில் கோஸுமெலில் இறங்கியதும் கைபேசி தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறி 2.30 என்று காட்டும்போது, மயாமி நேரத்திலேயே ஓடும் கப்பலில் மணி 3.30 ஆகியிருக்கும். ஜனவரியில் இந்த வேறுபாடு இல்லை. செயின்ட் தாமஸ், போர்ட்டோ ரிக்கோ போன்ற கிழக்குத் தீவுகளில் கதை வேறு. அங்கே குளிர்காலத்தில் உள்ளூர் நேரம் மயாமியைவிட ஒரு மணி நேரம் முந்தியிருக்கும். சில கப்பல்கள் உள்ளூர் நேரத்துக்கு மாறுகின்றன, சில மாறுவதில்லை. எனவே முந்தைய இரவு அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளையோ கப்பலின் செயலியையோ பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். தானாக நேரம் மாறாத சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்வதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

[காட்சி: கடலில் நங்கூரமிட்ட கப்பல். சிறு படகுகள் கரைக்குப் போய் வருகின்றன.]

எல்லா ஊரிலும் கப்பல் கரையோடு ஒட்டி நிற்பதில்லை. கிராண்ட் கேமன் தீவின் ஜார்ஜ் டவுனில் பெரிய கப்பல்களுக்கான மேடை கிடையாது. கப்பல் கடலில் நங்கூரமிட, டெண்டர் என்று அழைக்கப்படும் சிறு படகுகளில் கரை சேர வேண்டும். பெலீஸ் சிட்டியிலும் அப்படித்தான். அங்கே கடல் ஆழமற்றது என்பதால் கப்பல் வெகுதூரத்திலேயே நின்றுவிடும். படகில் போவதற்கே கணிசமான நேரம் ஆகும். இத்தகைய ஊர்களில் பலகையில் எழுதியிருப்பது பெரும்பாலும் கரையிலிருந்து கடைசிப் படகு கிளம்பும் நேரம். கடைசிப் படகுக்கு நீண்ட வரிசை நிற்கும் என்பதால், அதற்கு ஒரு மணி நேரம் முன்பே படகுத்துறைக்கு வந்துவிடுவது நல்லது. காற்றும் அலையும் பலமாக இருந்தால், பயணிகளின் பாதுகாப்பைக் கருதிக் கேப்டன் அந்த ஊரையே தவிர்த்துவிடவும் கூடும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கும் புயல் பருவத்தில் பயணம் செய்பவர்கள் இதை எதிர்பார்த்தே கிளம்ப வேண்டும்.

கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் தாமதம் நேர்ந்தால், கப்பல் காத்திருக்கும். அல்லது அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை நிறுவனம் ஏற்கும். நீங்களாக டாக்சி பிடித்துப் போனால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதற்காக எல்லாவற்றுக்கும் அதிகப் பணம் கொடுக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடற்கரைக்குத் தனியாகப் போங்கள். மெக்சிகோவில் மாயன் காலத்து இடிபாடுகள் உள்ள துலூம் போன்ற, படகும் பேருந்தும் மாறிப் போக வேண்டிய தொலைவான இடத்துக்குக் கப்பலின் சுற்றுலாவிலேயே போங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஏறி அமெரிக்காவிலேயே இறங்கும் பயணமானாலும் நடுவில் நீங்கள் அந்த நாட்டைவிட்டு வெளியேறித் திரும்புகிறீர்கள். எனவே விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்பதையும், இடையில் வரும் ஒவ்வொரு தீவின் விசா விதியையும் முன்பதிவுக்கு முன்பே சரிபாருங்கள். கரையிறங்கும்போது கப்பல் அட்டை, படமுள்ள அடையாள அட்டை, கடவுச்சீட்டின் நகல், அந்த ஊரில் கப்பலின் முகவராக இருப்பவரின் தொலைபேசி எண் ஆகியவை கையில் இருக்கட்டும். முகவரின் எண் அன்றைய நிகழ்ச்சித் தாளில் இருக்கும்.

இன்னும் சில சிறு விதிகள், ஆனால் மீறினால் சங்கடம். பார்படாஸ், செயின்ட் லூசியா போன்ற தீவுகளில் ராணுவச் சீருடை போலத் திட்டுத் திட்டாக நிறமிட்ட துணி அணிவது சட்டப்படி குற்றம். குழந்தைகளின் உடைக்கும் இது பொருந்தும். அமெரிக்க வர்ஜின் தீவுகளில் பவளப்பாறைகளைக் காக்க, ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்த சன்ஸ்கிரீன் 2020 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. கடற்கரையில் சிறு பச்சை ஆப்பிள் போன்ற காய்கள் உதிர்ந்து கிடக்கும் மான்சினீல் மரத்தடியில் மழைக்குக்கூட ஒதுங்காதீர்கள். அதன் பால் தோலைக் கொப்புளமாக்கும், காய் நஞ்சு.

[காட்சி: ஜார்ஜ் டவுனில் ஓர் உணவகத்தின் விலைப்பட்டியல். மீன் உணவுக்கு எதிரே 16 டாலர்.]

இந்தப் பட்டியலைப் பாருங்கள். இதில் இருப்பது கேமன் டாலர். கடைகளில் ஓர் அமெரிக்க டாலருக்கு 80 கேமன் சென்ட் என்ற கணக்கே வழக்கம் என்பதால், நீங்கள் கொடுக்கப்போவது 20 அமெரிக்க டாலர். எந்த டாலர் என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

இப்போது கப்பல் சாப்பாட்டுக்கு வருவோம். சைவ உணவுக்காரர்களுக்கு முக்கியமான நாள் கப்பலில் ஏறும் முதல் நாள்தான். முன்பதிவின்போதே இந்தியச் சைவ உணவு வேண்டும் என்று பதிவு செய்திருந்தாலும், முதல் மாலையே மெயின் டைனிங் ரூமுக்குப் போய் ஹெட் வெயிட்டரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். பெரிய கப்பல்கள் பலவற்றில் இந்தியச் சமையற்காரர்கள் இருக்கிறார்கள். மறுநாளைக்குப் பருப்பும் காய்க்கூட்டும் வேண்டும் என்று முந்தைய இரவே சொன்னால் பெரும்பாலும் செய்து தருவார்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு கேட்டால் அவர்களாலும் முடியாது. "இறைச்சி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. காய்கறி சூப்பில் கோழி வேகவைத்த நீர் இருக்கலாம், இனிப்பில் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

கரையிறங்கும் நாளில் மாலை 5 மணிக்குக் கப்பல் கிளம்புகிறது, உங்கள் இரவு உணவு 5.30 மணிப் பந்தியில் இருக்கிறது என்றால், உப்பும் மணலுமாக வந்து அவசரமாகக் குளித்துவிட்டு ஓட வேண்டியிருக்கும். துறைமுகங்கள் அதிகமுள்ள பயணத்துக்கு 8 மணிப் பந்தியோ, விரும்பிய நேரத்தில் சாப்பிடும் முறையோதான் பொருந்தும். மதியம் பஃபே திறந்திருக்கும், கூட்டமும் குறைவு. பக்கத்துக் கடற்கரைக்குப் போனவர்கள் வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடியும் இறங்கலாம். பஃபேக்குள் நுழையும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ வைரஸைக் கையில் தேய்க்கும் கிருமிநாசினி ஜெல் மட்டும் சரியாக அழிக்காது. பஃபேயிலிருந்து பழமோ சாண்ட்விச்சோ கரைக்கு எடுத்துப்போகாதீர்கள். தீவுகளின் விவசாய விதிகள் கடுமையானவை.

கரையில் சாப்பிட விரும்பினால், ஜமைக்காவில் "ஐட்டல்" என்று கேளுங்கள். ராஸ்தஃபாரி சமயத்தவரின் உணவு அது, பெரும்பாலும் இறைச்சியில்லாமல் தேங்காய்ப்பாலில் சமைப்பது. பிரான்ஸுக்குச் சொந்தமான மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளில் இறங்கினால் "கொலம்போ" என்ற பெயர் பட்டியலில் தென்படும். 1850களிலிருந்து புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களோடு போன மசாலா அது. மல்லியும் மஞ்சளும் கடுகும் மணக்கும். கோழியிலோ ஆட்டிறைச்சியிலோ செய்வதுதான் வழக்கம், எனவே சைவர்கள் காய்கறிக் கொலம்போ உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே புழங்குவது யூரோ. நிதானமாகப் பரிமாறுவார்கள் என்பதால், மதிய உணவுக்கு மட்டும் இரண்டு மணி நேரத்தை அந்தப் பலகையின் நேரத்திலிருந்து முன்கூட்டியே கழித்து வையுங்கள்.