பியோனிக்குக் குளிர் வேண்டும்: ஒட்டாவா தோட்டத்தில் நிலைத்து நிற்கும் செடிகள்

[காட்சி: ஏப்ரல் மூன்றாம் வாரம். ஈர மண். வேலியோரத்தில் கரையாத அழுக்குப் பனி.]

இந்த இடத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். மண்ணுக்கு மேலே சுண்டுவிரல் நுனி அளவுக்கு நாலைந்து முளைகள் எட்டிப் பார்க்கின்றன. நல்ல பீட்ரூட் நிறம். ஜனவரியில் இதே இடத்தில் முழங்கால் அளவு பனி கிடந்தது. சில ராத்திரிகளில் மைனஸ் 25-க்குக் கீழே போனது. இங்கே ஒரு செடி இருந்தது என்று சொன்னால் அன்றைக்கு யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். இதுதான் பியோனி. ஜூன் நடுவில் இது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூக்கும்.

வணக்கம். கனடாவின் ஒட்டாவாவிலிருந்து பேசுகிறேன். ஒருமுறை நட்டால் வருஷா வருஷம் தானாகத் திரும்பி வரும் செடிகளை இங்கே பெரனியல் என்பார்கள். நர்சரிக்குப் போனால் நூற்றுக்கணக்கில் அடுக்கி வைத்திருப்பார்கள். எனக்குப் பிடித்த நாலைந்தை மட்டும் சொல்கிறேன். அதற்கு முன்னால், என் தோட்டத்தில் எது செத்தது என்று சொல்லிவிடுகிறேன். பாடம் அங்கேதான் இருக்கிறது.

[காட்சி: காய்ந்து சாம்பல் நிறமான லாவண்டர் குச்சிகள்.]

இங்கே வந்த முதல் வருஷம் ஆறு லாவண்டர் வாங்கி நட்டேன். லேபிளில் 'ஜோன் 5' என்று தெளிவாகப் போட்டிருந்தது. செடி எவ்வளவு குளிரைத் தாங்கும் என்பதற்கான எண் அது; எண் சிறியதாக இருந்தால் தாங்கும் திறன் அதிகம். ஜோன் 3 என்றால் மைனஸ் 40 வரை தாங்கும். (செல்சியஸா, பாரன்ஹீட்டா என்று கேட்க வேண்டாம். மைனஸ் 40-இல் மட்டும் இரண்டும் ஒன்றுதான்.) ஒட்டாவா ஜோன் 5 வட்டாரம்தான். ஆக, கணக்குப்படி என் லாவண்டர் பிழைத்திருக்க வேண்டும். ஏப்ரலில் ஆறும் குச்சி.

குளிர்தான் கொன்றது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் செடி இருந்த இடத்தைத் தோண்டியபோதுதான் புரிந்தது. கீழே சொதசொதவென்று களிமண். ஒட்டாவா பகுதியில் இது சகஜம். பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது, அது படியவிட்டுப் போன களிமண் இது. லாவண்டர் கல்லும் மணலுமான மத்தியதரைக்கடல் சரிவுகளில் வளர்ந்த செடி. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஈரத்தில் நின்றதால் வேர் அழுகிவிட்டது. லேபிளில் உள்ள எண் குளிரை மட்டும்தான் சொல்லும். ஈரத்தைப் பற்றி அது வாயே திறக்காது.

சரி, குளிர் என்னதான் செய்கிறது? நம் ஊர்ச் செங்காந்தளை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கொடி ஓடிப் பூத்துவிட்டு, அப்புறம் மேலே எல்லாம் காய்ந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கோடையைக் கழித்துவிட்டு அடுத்த மழைக்கு முளைக்கும். பியோனியும் அதே வேலையைத்தான் செய்கிறது. செங்காந்தள் வெயிலுக்கு ஒதுங்குகிறது, இது பனிக்கு. இலையையும் தண்டையும் கைவிட்டுவிட்டு, அடுத்த வருஷத்துக்கான கண்களை, அதாவது முளைக்கப்போகும் மொட்டுகளை, மட்டும் மண்ணுக்குள் வைத்துக்கொள்ளும். இலையுதிர் காலத்தில் பகல் குறையக் குறைய, திசுக்களில் சர்க்கரை கூடும்; செல்லுக்குள் இருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி வெளியே கசிந்து, செல்களுக்கு நடுவே உறையும். அதனால் செல் வெடிக்காது. இந்த ஏற்பாடு முடியச் சில வாரங்கள் பிடிக்கும். அது முடியும் முன்பே அக்டோபரில் திடீரென்று வரும் கடும் உறைபனி, ஜனவரிக் குளிரைவிட மோசமானது.

ஜனவரியில் பனி மூடியிருக்குமே! புதுப்பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான், பஞ்சுமெத்தை மாதிரி. வெளியே மைனஸ் 25 என்றாலும், முழங்கால் பனிக்கு அடியில் மண் பூஜ்ஜியத்தை ஒட்டியேதான் இருக்கும். அதனால் பனி கொட்டினால் என் செடிகளை நினைத்து நான் கவலைப்படுவதில்லை. பனியே இல்லாத டிசம்பர்தான் பயமுறுத்தும்.

[காட்சி: மார்ச் மாதம். வேரோடு மண்மேல் கிடக்கும் ஹ்யூகெரா செடி.]

அடுத்த ஆபத்து மார்ச். பகலில் ஐந்து டிகிரி, ராத்திரி மைனஸ் பத்து. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். ஈரமண் உறைந்து, உருகி, மறுபடி உறையும்போது செடியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிவிடும். இதோ பாருங்கள், பிடுங்கிப் போட்ட முள்ளங்கி மாதிரி கிடக்கிறது. யாரும் பிடுங்கவில்லை. மண் துப்பியது.

காய்ந்த இலைகளைப் பரப்பி மண்ணுக்கு மூடாக்கு போடுவது இதற்காகத்தான். செடிக்குக் குளிருமே என்று அக்டோபரிலேயே போர்த்திவிடுகிறோம், நானும் செய்திருக்கிறேன். எலிகள் வந்து குடித்தனம் நடத்தியதுதான் மிச்சம். மண் நன்றாக உறைந்தபிறகு, நவம்பர் கடைசியில் போட வேண்டும். உறைந்தது உறைந்தபடியே கிடக்கட்டும் என்பதுதான் கணக்கு. மேப்பிள் இலையை அப்படியே கொட்டினால் நனைந்து அப்பளம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். புல்வெட்டும் இயந்திரத்தை மேலே ஓட்டி நறுக்கிப் போடுங்கள். இன்னொன்று: உருகுவதற்காக வாசலில் உப்புப் போட்ட பனியை வாரிச் செடிப் பாத்தியில் எறியாதீர்கள்.

இப்போது பியோனிக்கு வருவோம்.

[காட்சி: பியோனிக் கிழங்கு, கண்கள் தெரியும்படி உள்ளங்கையில்.]

கரும்புக் கரணையில், சேனையில் கண் பார்த்து நட்டவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. கிழங்கில் சிவப்பாக இருப்பவை கண்கள். மூன்று முதல் ஐந்து கண் உள்ள துண்டாக வாங்குங்கள். செப்டம்பரில் நடுவது நல்லது. கண்ணுக்கு மேல் மண் 5 சென்டிமீட்டர், அதாவது இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகக் கூடாது. எல்லோரும் சறுக்குவது இங்கேதான். குளிர் நாடாயிற்றே என்று ஆழமாகப் புதைத்தால், செடி தழைக்கும், பூக்காது. கண்ணுக்குள் இருக்கும் பூமொட்டு உறக்கம் கலைந்து வளர, பல வாரம் நல்ல குளிர் தேவை. அதனால்தான் சென்னையில் பியோனி வளர்க்க முடியாது. ஒட்டாவாவில் நாம் திட்டிக்கொண்டே கடக்கும் அந்த நாலு மாதத்தில்தான் இது ஜூன் மாதத்துப் பூவுக்குத் தயாராகிறது.

முதல் வருஷம் பூக்காது. இரண்டாவது வருஷம் ஒன்றிரண்டு வரலாம். மூன்றாவது வருஷத்திலிருந்து பாருங்கள். அப்புறம் ஐம்பது வருஷம் அசையாது. வீடு கைமாறினாலும் பியோனி அங்கேயே இருக்கும். ரகத்தில் எனக்கு 'சாரா பெர்னார்ட்' பிடிக்கும். பிரான்ஸில் லெமுவான் நர்சரி 1906-இல் கொண்டுவந்த ரோஜா நிறப் பூ. இன்றும் பூக்கடைகளில் அதிகம் கிடைப்பது இதுதான். இதைவிட மூத்தது 'ஃபெஸ்டிவா மாக்ஸிமா', 1851. வெள்ளையில் அங்கங்கே குங்குமம் சிந்தியது போல் இருக்கும். இரண்டுக்கும் ஒரே குறை: மழை பெய்தால் தலை கனத்து மண்ணில் விழும். மே மாதமே கம்பி வளையம் வைத்துவிடுங்கள்.

மொட்டில் எறும்பு மொய்க்கும். எறும்பு வந்தால்தான் பூ விரியும் என்று இங்கே பாட்டிமார் சொல்வார்கள். உண்மை என்னவென்றால், மொட்டின் புற இதழ்களில் இனிப்பு நீர் சுரக்கிறது, அதற்காக எறும்பு வருகிறது. எறும்பே இல்லாவிட்டாலும் பூ விரியும். மருந்து அடிக்க வேண்டாம்.

[காட்சி: நீலமும் ஊதாவுமாகச் சைபீரிய ஐரிஸ்.]

லாவண்டர் செத்த அதே களிமண்ணில் நான் வைத்தது சைபீரிய ஐரிஸ். வசம்பு மாதிரி வாளிலை, மேலே ஊதாப் பூ. ஈரம் இதற்குப் பிடிக்கும். 'சீசர்ஸ் பிரதர்' என்ற கரு ஊதா ரகம் மான்ட்ரியாலைச் சேர்ந்த கிளீவ்லாந்து மார்கன் 1932-இல் பதிவு செய்தது. நம் ஒட்டாவாவுக்கும் இந்தச் செடியில் பங்கு உண்டு. இங்கே 1886-இல் தொடங்கிய மத்தியப் பரிசோதனைப் பண்ணையில், இசபெல்லா பிரெஸ்டன் என்ற பெண்மணி 1920 முதல் 1946 வரை வேலை பார்த்தார். லில்லி, லைலாக், ஐரிஸ் என்று இந்தக் குளிரைத் தாங்கும் புது ரகங்களை இனக்கலப்பு செய்து உருவாக்கினார். தன் ஐரிஸ்களுக்குக் கனடாவின் ஆறுகளின் பெயரை வைத்தார். ஜூன் மாதம் அந்தப் பண்ணையின் பூந்தோட்டத்தில் ஒரு நடை போய்வாருங்கள். பியோனியும் ஐரிஸும் அங்கே நிறைய இருக்கின்றன. ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு போனால், நர்சரியில் பணத்தை விரயமாக்க மாட்டீர்கள்.

டேலில்லி பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. எங்கே வைத்தாலும் வரும். செம்பருத்தி மாதிரி ஒரு பூ ஒரே நாள்தான், ஆனால் தினமும் புதிது வரும். 1975-இன் 'ஸ்டெல்லா டி ஓரோ' குட்டையாக, மஞ்சளாக, கோடை முழுக்கப் பூக்கும். வீட்டில் பூனை இருந்தால் மட்டும் வேண்டாம். அதன் சிறுநீரகத்துக்கு இது விஷம்.

[காட்சி: சிவந்த தண்டுகளோடு ருபார்ப். பக்கத்தில் வாணலி.]

பூவோடு நிறுத்த மனம் வரவில்லை. இது ருபார்ப், தண்டைச் சமைத்துச் சாப்பிடும் செடி. இதற்கும் குளிர் வேண்டும். முதல் வருஷம் ஒரு தண்டுகூடப் பறிக்காமல் விடுங்கள். பிறகு வெட்டாமல், அடியைப் பிடித்துத் திருகி இழுக்க வேண்டும். இலை விஷம், அங்கேயே கிள்ளிப் போட்டுவிடுங்கள். தண்டின் புளிப்பு புளிச்சக்கீரைக்கும் மாங்காய்க்கும் நடுவில் இருக்கும். கடுகு, பச்சைமிளகாய் தாளித்து, வெல்லம் தட்டிப் போட்டால் ஐந்து நிமிஷத்தில் கரைந்து பச்சடியாகிவிடும். இங்கே ஸ்ட்ராபெரியோடு சேர்த்து 'பை' (pie) என்ற இனிப்புப் பண்டம் செய்வார்கள். எங்கள் வீட்டில் பச்சடிக்குப் போனதுபோக மிச்சம் இருப்பதில்லை.

நிழலான இடமா? ஹோஸ்டா வையுங்கள். இலைக்காகவே வளர்ப்பது அது. மான் வரும் பகுதியில் இருந்தால் காலையில் தண்டு மட்டும் நிற்கும், அவ்வளவுதான். இன்னொரு சங்கடம், வசந்தத்தில் மற்றதெல்லாம் முளைத்தபிறகும் ஹோஸ்டா தலைகாட்டாது. போன மே மாதம் காலி இடம் என்று நினைத்து மண்வெட்டியை இறக்கினேன். ஒரு நல்ல ஹோஸ்டா நடுவில் இரண்டாகப் பிளந்தது. நல்லவேளை, இரண்டு பாதியும் பிழைத்துக்கொண்டன. அதிலிருந்து இலை காயும் முன்பே ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டுவிடுகிறேன். பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் பேனாவால் எழுதினால் ஏப்ரலில் வெறும் குச்சிதான் இருக்கும்.