அடுத்த குழந்தை இப்போதைக்கு வேண்டாம்: பி.எச்.சி.யில் என்ன கேட்கலாம்?

(திரையில்: ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசல், குழந்தையோடு காத்திருக்கும் தாய்மார்கள்)

வணக்கம். கைக்குழந்தை இருக்கிறது, அடுத்தது இரண்டு மூன்று வருஷம் கழித்துப் போதும் என்று நினைக்கிறீர்களா? இந்த வீடியோ உங்களுக்குத்தான்.

குடும்பக் கட்டுப்பாடு என்றாலே தமிழ்நாட்டில் ஆபரேஷன்தான் ஞாபகத்துக்கு வரும். 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், இங்கே மணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் அதைச் செய்துகொண்டவர்கள் 1 சதவீதம்கூட இல்லை. இந்தச் சுமை மொத்தமும் பெண்கள் மேலேயே விழுவது நியாயமில்லை. அதோடு, இடைவெளி விடுவதற்கு வேறு வழிகள் இருப்பதையே பலருக்கு யாரும் சொல்வதில்லை.

முதலில் ஒரு விஷயம். "பால் கொடுக்கிறேன், பீரியட்ஸும் வரவில்லை, கர்ப்பம் தங்காது" என்று நம்பி இருக்காதீர்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், இரவு பகல் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால்தான் அது ஓரளவு பாதுகாப்பு. முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடலாம்.

சரி, எங்கே கேட்பது? புதன்கிழமை தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவீர்கள் இல்லையா, அன்றைக்கே கேட்கலாம். கிராமத்தில் சுகாதார செவிலியர் இருப்பார். நகரத்தில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. மாமியாரோ நாத்தனாரோ கூட வந்திருந்தால், "சிஸ்டர், உங்ககிட்ட கொஞ்சம் தனியாப் பேசணும்" என்று சொன்னால் போதும். தனியாகப் பேசுவது உங்கள் உரிமை.

(திரையில்: காப்பர்-டி)

காப்பர்-டி. கர்ப்பப்பைக்குள் வைக்கும் சின்னக் கருவி. நம் பாட்டிமார் லூப் என்பார்களே, அதன் இன்றைய வடிவம். அரசு மருத்துவமனைகளில் இரண்டு வகை உண்டு: 380ஏ என்பது பத்து வருஷம் வரை, 375 என்பது ஐந்து வருஷம் வரை வேலை செய்யும். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போடலாம். இல்லையென்றால் ஆறு வாரம் கழித்துப் போடலாம். ஹார்மோன் எதுவும் கிடையாது, பாலும் குறையாது. "மேலே ஏறி நெஞ்சுக்குப் போயிடும்" என்று பயமுறுத்துவார்கள். கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்குப் போக வழியே இல்லை. உண்மையான தொந்தரவு வேறு: முதல் சில மாதங்களுக்கு உதிரப்போக்கும் வயிற்றுவலியும் கூடலாம். ரத்தசோகை இருந்தால் இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எப்போது எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடலாம், "இன்னும் வருஷம் முடியலையே" என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது.

அப்புறம் அந்தரா என்ற கருத்தடை ஊசி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை. பால் கொடுப்பவர்கள் பிரசவமாகி ஆறு வாரம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் ஒளித்து வைக்க மாத்திரை அட்டை எதுவும் இருக்காது என்பதால் சிலருக்கு இதுதான் வசதி. மாதவிடாய் முன்பின்னாக வரும், சிலருக்கு நின்றே போகும். கெட்ட ரத்தம் உள்ளே தங்குகிறது என்று பயப்பட வேண்டாம், அப்படி எதுவும் தங்குவதில்லை. ஆனால் ஊசியை நிறுத்திய பிறகு கரு தங்கச் சில மாதங்கள் ஆகும். அடுத்த வருஷமே குழந்தை வேண்டும் என்றால் இது உங்களுக்குச் சரிப்படாது.

மாத்திரையில் இரண்டு வகை. சாயா, லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது. ஹார்மோன் இல்லை, பால் கொடுப்பவர்களுக்கும் ஏற்றது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. மாலா-என் தினமும் போட வேண்டும். பால் கொடுப்பவர்களுக்கு முதல் ஆறு மாதம் கூடாது. ரத்த அழுத்தம் இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

பால்வினை நோய்களிலிருந்தும் சேர்த்துக் காப்பது ஆணுறை மட்டும்தான். நிரோத் இலவசமாகவே தருகிறார்கள். அந்த நோய்கள் பற்றிச் சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்குக் காசு வாங்க மாட்டார்கள், முடிவை வெளியே சொல்லவும் மாட்டார்கள்.

இனிக் குழந்தையே வேண்டாம் என்று முடிவெடுத்த தம்பதிகளுக்கு ஒரு வார்த்தை: ஆண்களுக்கான வாசெக்டமி, பெண்களுக்கான ஆபரேஷனைவிட எளிது. கத்தி வைக்காமலே செய்கிறார்கள். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் உறுதியாகும் வரை ஆணுறை தேவை.

(திரையில்: 72 மணி நேரம்)

கடைசியாக, ஆணுறை கிழிந்துவிட்டது, மாத்திரை மறந்துவிட்டது என்றால் அவசர கருத்தடை மாத்திரை. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. இது கருக்கலைப்பு மாத்திரை இல்லை, ஏற்கெனவே தங்கிய கருவை இது ஒன்றும் செய்யாது. தமிழ்நாட்டில் இதற்குத் தடை கிடையாது. ஆனாலும் பல மருந்துக் கடைகளில் "இல்லை" என்றே சொல்லுவார்கள். கடை கடையாக அலைந்து நேரத்தை விட வேண்டாம், நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். 72 மணி நேரம் தாண்டிவிட்டாலும் ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டுக்கொள்ள வழி இருக்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 104-க்கு அழையுங்கள்.