கறுத்த போத்தலுக்கு யார் காசு கொடுப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று கலையகத்துக்கு வரும்போது கையில் ஒரு சின்னப் போத்தலையும் கொண்டுவந்தேன். வானொலியில் காட்ட முடியாது, சொல்லத்தான் முடியும். இருமல் மருந்துப் போத்தல் அளவு. உள்ளே இருப்பது யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். முந்தநாள் காலை அள்ளி ஊற்றியபோது பளிங்குபோல் இருந்தது. "எங்கட தண்ணி கற்கண்டு, பிள்ளை" என்றார் அந்த வீட்டு ஆச்சி. நேற்றுப் பின்னேரம் எடுத்துப் பார்த்தேன். கடும் கோப்பி மாதிரிக் கறுத்துப் போய்க் கிடந்தது.

போத்தலுக்குள் ஒரு கடதாசித் துண்டு இருக்கிறது. கிருமிக்குக் கொஞ்சம் சாப்பாடு, கொஞ்சம் கந்தகம் கலந்த உப்பு, கொஞ்சம் இரும்பு உப்பு, மூன்றையும் கரைத்து அதில் ஊறவைத்துக் காயவைத்த கடதாசி. குடலில் வாழும் கிருமிகள் பல, ஐதரசன் சல்பைட்டு என்ற வாயுவை விடும். அழுகிய முட்டை மணக்குமே, அதுதான். அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. இந்திய ஆய்வாளர்கள் 1982இல் வெளியிட்ட முறை இது. ஆய்வுகூடமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். எங்கள் ஊர் வெக்கையே போதும், ஒன்றிரண்டு நாளில் பதில் வந்துவிடும். மலக் கழிவு தண்ணீரில் கலந்திருக்கலாம் என்பதற்கு அது ஒரு எச்சரிக்கை. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது.

இந்தப் போத்தல்தான் இப்போது என் பிழைப்பு. அரச ஆய்வுகூடம் ஒன்றில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு, கிணற்றுத் தண்ணீர் பரிசோதிக்கும் சிறு தொழில் ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். வேலையை விட்ட செய்தி கேட்டு என் பெரியம்மா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு கதைத்தபோது முதலில் சொன்னது என்ன என்று உங்களுக்கே தெரியும். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்!

பெரியம்மா சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. இலங்கையில் பொதுச் சுகாதாரம் என்பது கோறணமேந்து, அதாவது அரசாங்கம், கட்டிய வீடு. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து, குடும்ப நல மாது வீட்டுப் படலையடிக்கு வருகிறார், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்கும் கிணற்றடிக்கும் வருகிறார். மலேரியாவை இந்த நாடு ஒழித்துவிட்டது என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அதை எந்தத் தனியார் முதலாளியும் செய்து தரவில்லை. ஆகவே பொதுச் சுகாதாரத்தில் முயற்சியாண்மை என்று நான் கதைக்கும்போது, அரச சேவையை விற்றுத் தின்னும் வேலையைச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

முயற்சியாண்மை என்ற சொல் வணிகக் கல்வி படித்த பிள்ளைகளுக்குப் பழக்கமானது. வாய்ப்பைக் காண்பது, ஆபத்தை ஏற்பது, இலாபம் எடுப்பது என்று பரீட்சைக்குப் பாடமாக்கியிருப்பார்கள். சரி, ஆனால் பொதுச் சுகாதாரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. காய்ச்சல் வந்தவர் மருந்துக்குக் காசு கொடுப்பார், நகையை அடகு வைத்தாவது கொடுப்பார். வராத காய்ச்சலுக்கு யார் கொடுப்பார்? வயிற்றோட்டம் வராமல் போன ஒரு செவ்வாய்க்கிழமையை யாருக்கு விற்பது? நான் விற்கும் சாமான் அதுதான். இந்தத் தொழிலின் சூட்சுமமெல்லாம் காசு கொடுப்பவரைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. அவரைப் பிழையாகக் கண்டுபிடித்துவிட்டால் தொழில் மட்டுமல்ல, சுகாதாரமும் கெட்டுவிடும்.

என் கதையையே சொல்கிறேன். தொடங்கி இரண்டாம் மாதம் ஒருவர் வந்தார். தண்ணீர் வடிகட்டி விற்கும் முகவர், நல்ல மரியாதையான மனிதர். "அக்கா, நீங்கள் போகிற வீட்டில் போத்தல் கறுத்தால் எங்கட நம்பரைக் குடுங்கோ. விக்கிற ஒவ்வொன்றுக்கும் உங்களுக்குக் கொமிசன்" என்றார். அந்த மாதம் என் கையில் பெற்றோலுக்கும் காசில்லை. இரண்டு இரவு யோசித்தேன். கறுத்த போத்தலால் எனக்கு இலாபம் வரும் என்றால், எந்த நாளில் எந்தப் போத்தலை நான் கொஞ்சம் கூடுதலாகக் கறுப்பாகக் காண்பேன்? பரிசோதிப்பவரும் மருந்து விற்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அவரை அனுப்பிவிட்டேன். நல்லவள் என்று காட்ட இதைச் சொல்லவில்லை. அந்தக் கொமிசனை எடுத்திருந்தால் ஒரு வருடத்துக்குள் ஊர் என் போத்தலை நம்பாமல் விட்டிருக்கும், வியாபாரமும் படுத்திருக்கும்.

காசையும் பலனையும் எப்படி முடிச்சுப் போடுவது என்பதற்குப் பங்களாதேசத்தில் ஒரு அருமையான கதை இருக்கிறது. 1980இல் பிராக் என்ற தொண்டு நிறுவனம் கிராமப் பெண்களை வீடு வீடாக அனுப்பியது. வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கு வீட்டிலேயே உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கத் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் வேலை. மூன்று விரலால் ஒரு கிள்ளு உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர், அதாவது ஏறத்தாழ அரை லீற்றர், தண்ணீர். சொல்லிக் கொடுத்தவருக்கு எத்தனை வீடு ஏறினார் என்று பார்த்துச் சம்பளம் கொடுக்கவில்லை. பிறகு வேறொருவர் போய், சில வீடுகளைத் தெரிந்து தாயிடம் கேட்பார். தாய்க்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ, சொல்லிக் கொடுத்தவருக்கு அவ்வளவு சம்பளம். பத்து வருடத்தில் ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சம் வீடுகளுக்கு இப்படிப் போனார்கள். இதில் புதிய மருந்து ஏதும் இல்லை. புதியது அந்தச் சம்பளக் கணக்கு மட்டும்தான். முயற்சியாண்மை என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

மதுரை அரவிந்த் கண் வைத்தியசாலையை எங்கள் ஆட்களுக்கும் தெரியும். டொக்டர் வெங்கடசாமி அரச சேவையிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்று, 1976இல் பதினொரு கட்டிலோடு தொடங்கியது. மூட்டுவாதத்தால் கோணிப்போன விரல்களோடு கண்புரை வெட்டியவர் அவர். வசதியுள்ளவர் கட்டும் காசில் இல்லாதவருக்கும் பார்வை. கண்ணுக்குள் வைக்கும் வில்லை வெளிநாட்டு விலையில் கட்டுப்படியாகாமல் போக, 1992இல் தாங்களே அதைச் செய்யத் தொடங்கினார்கள். ஓய்வூதியம் எடுத்த பிறகும் தொழில் தொடங்கலாம் என்று பெரியம்மாவுக்கு இதைச் சொன்னேன். "அவர் முதல் கோறணமேந்தில இருந்தவர்தானே" என்றார். ஒன்றும் சொல்ல முடியவில்லை.

கோறணமேந்துக்குள் இருந்துகொண்டே முயற்சியாளராக இருந்தவரும் உண்டு. பேராசிரியர் சேனக பிபிலை நினைத்துப் பாருங்கள். 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது முதல் தலைவர் அவர். ஒரே மருந்து பல கொம்பனிப் பெயர்களில் வந்து விலை ஏறிக் கிடந்த காலம். மருந்தை அதன் சொந்தப் பெயரில், உலகம் முழுக்க விலை கேட்டு, மொத்தமாக வாங்கினார். சந்தையில் பேரம் பேசத் தெரிந்த ஒரு இல்லத்தரசி செய்வதை ஒரு நாட்டுக்காகச் செய்தார் என்றுதான் நான் பார்க்கிறேன். ஆகவே சொந்தக் கடை போட்டால்தான் முயற்சியாளர் என்றில்லை.

எங்கள் மண்ணில் இது இன்னும் பழையது. அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்திறங்கி, பிறகு மானிப்பாயில் வைத்தியம் பார்த்தார். மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழில் மொழிபெயர்த்து, தமிழிலேயே கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் உத்தியோகம் தேடி வெளியே போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்கள் ஊரிலேயே இருந்து தொழில் செய்து பிழைப்பார்கள் என்பது அவர் போட்ட கணக்கு. நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகிறது, பிள்ளைகள் வெளியே போகும் கவலை மட்டும் அப்படியே இருக்கிறது.

திரும்பக் கிணற்றடிக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. பெரும்பாலும் குடிப்பது நிலத்தடி நீர், நிலம் சுண்ணாம்புக்கல். அந்தக் கல் வெடிப்பும் பொந்துமாக இருப்பதால் மேலே ஊற்றுவது கீழே வேகமாகப் போய்ச் சேரும். இரண்டு பரப்புக் காணியில் வீடு, ஒரு மூலையில் கிணறு, மறு மூலையில் மலகூடக் குழி. அடுத்த காணியிலும் அப்படியே, அதுவும் அவர்களுடைய குழி எங்கள் கிணற்றுப் பக்கம். வேலிக்காக மூன்று தலைமுறை வழக்குப் பேசுவோம். சுண்ணாம்புக்கல்லுக்கு வேலி தெரியாது.

இதில்தான் என் காசுக் கணக்கு இருக்கிறது. முதலில் ஒவ்வொரு வீட்டிலும் சோடாப் போத்தல் ஒன்றின் விலைதான் கேட்டேன். இருந்தும் யாரும் தரவில்லை. "எங்கட தாத்தா குடிச்ச தண்ணி" என்று படலையைச் சாத்தினார்கள். பிறகு ரொறன்ரோவிலிருந்து ஒரு மகள் தொலைபேசியில் கேட்டார், அம்மா தனிய இருக்கிறார், வருடம் முழுக்க அவருடைய கிணற்றைப் பார்க்க முடியுமா என்று. பார்க்கலாம், ஆனால் சுற்றியுள்ள நாலு கிணற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பேன், அதற்கும் நீங்கள்தான் கட்ட வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பக்கத்து வீட்டாரோடு எல்லைப் பிரச்சினை வேறு. கல்லின் கதையைச் சொன்னதும் சரி என்றார். இப்போது தனியார் கல்வி நிலையங்கள் சிலவும், கல்யாண மண்டபம் ஒன்றும் அதே முறையில் கட்டுகின்றன. கட்ட முடியாத அயல் வீட்டாரிடம் நான் ஒரு சதமும் கேட்பதில்லை. அது தருமம் இல்லை. அந்த வீட்டுக் குழியைப் பார்க்காமல் காசு கட்டியவரின் கிணற்றைக் காப்பாற்ற முடியாது.

தோற்ற கதையையும் சொல்லத்தான் வேண்டும். தொடக்கத்தில் மிச்சம் பிடிக்க நினைத்துப் பழைய போத்தல்களைக் கழுவி, கொதிதண்ணீரில் போட்டு எடுத்துப் பாவித்தேன். ஒரு நாள் இருபது வீடு போனேன், பதினேழு போத்தல் கறுத்தது. சனம் பயந்து போத்தல் தண்ணீர் வாங்கத் தொடங்கிவிட்டது. எனக்கே சந்தேகம் வந்து, கொதித்தாறிய தண்ணீரை ஒரு போத்தலில் விட்டு வைத்தேன். அதுவும் கறுத்தது! கிருமி கிணற்றில் இல்லை, என் போத்தலில். இருபது வீட்டுக்கும் திரும்பப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒரு ஐயா வாசலிலேயே நிற்க வைத்து அரை மணித்தியாலம் ஏசினார், அவருடைய மகன் மருத்துவபீடத்தில் படிக்கிறாராம். அன்றிலிருந்து எல்லாப் போத்தலும் பிரஷர் குக்கரில் கால் மணித்தியாலம். ஒவ்வொரு தொகுதியிலும் கொதித்தாறிய நீரோடு ஒரு சாட்சிப் போத்தல். சாட்சி கறுத்தால் முழுத் தொகுதியும் குப்பைக்கு.

இன்னொன்று. இந்தப் போத்தல் நைத்திரேற்றைக் காட்டாது. உரமும் மலகூடக் குழியும் சேர்ந்து கிணற்றில் நைத்திரேற்றைக் கூட்டும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கொதிக்க வைத்தால் அது போகாது, தண்ணீர் வற்றுவதால் இன்னும் செறியும். அந்தத் தண்ணீரில் மாப்பால் கரைத்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து. அதற்கு ஆய்வுகூடம்தான். போத்தல் கறுக்கவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள் என்று பற்றுச்சீட்டிலேயே அச்சடித்திருக்கிறேன். வியாபாரத்துக்கு இது கூடாது என்று அச்சகத் தம்பி சொன்னார்.

இந்த வழியில் வர நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு விடயம். முதலில் ஒரு மாதம் உங்கள் பகுதிக் குடும்ப நல மாதுவுடன், அனுமதி கேட்டுக்கொண்டு, வீடு வீடாக நடவுங்கள். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் மாமியார் முடிவெடுப்பார், எந்த வீட்டில் காசில்லாததை வெட்கத்தால் மறைக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரு போட்டிக்குப் போயிருந்தேன், நடுவர் ஒருவர் இதற்கு ஏன் கைப்பேசிச் செயலி இல்லை என்று கேட்டார். செயலி கிணற்றில் தண்ணீர் அள்ளாது, ஐயா, என்றேன். பரிசு கிடைக்கவில்லை. இன்னொன்று, என்னைப்போல வேலையை ஒரேயடியாக விடாதீர்கள். சனி ஞாயிறில் தொடங்கலாம். பெரியம்மாவுக்கும் மனம் ஆறும்.

கையிலுள்ள இந்தப் போத்தல் எந்த வீட்டினுடையது என்று சொல்ல மாட்டேன். ஆச்சி இதைக் கேட்டுக்கொண்டிருப்பார், நேற்றே அவருக்குச் சொல்லிவிட்டேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இன்று காலை கிணற்றுக்குக் குளோரின் போட்டிருப்பார். அந்த மணம் போகும்வரை தண்ணீரை இறைத்துவிட்டு, கிணற்றை இரண்டு நாள் ஆறவிட வேண்டும். அதுவரை குடிக்க அடுத்த வீட்டுக் கிணறு, அதுவும் கொதிக்க வைத்து. அது போன கிழமை கறுக்காத கிணறு. வெள்ளிக்கிழமை காலை புதிய போத்தலோடு போவேன், சாட்சிப் போத்தலும் கூடவே வரும்.

வணக்கம்.