கேட்க வேண்டியதை முதல் வரியில் கேளுங்கள்

வணக்கம். வேலையில் எப்படிப் பேசுவது, எப்படி எழுதுவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இலக்கணம், உச்சரிப்பு, கை அசைவு இதையெல்லாம் நான் தொடப்போவதில்லை. ஒரே ஒரு வியாதியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சொல்ல வேண்டியதைப் பட்டும் படாமல் சொல்வது. மரியாதை என்று நினைத்துத்தான் பெரும்பாலும் இதைச் செய்கிறோம்.

1990 ஜனவரி 25. கொலம்பியா நாட்டிலிருந்து வந்த அவியாங்கா 52 விமானம், மோசமான வானிலையால் நியூயார்க்கில் இறங்க முடியாமல் வழியிலேயே ஒரு மணி நேரத்துக்கும் மேல் வட்டமடித்தது. முதல் முயற்சியில் தரையிறங்க முடியவில்லை. ‘எமர்ஜென்சி என்று சொல்’ என்றார் கேப்டன். துணை விமானியோ திரும்ப வேண்டிய திசையைப் பற்றிப் பேசிவிட்டு, ‘மறுபடி முயல்கிறோம், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது’ என்று கடைசியில் ஒட்டவைத்தார். எமர்ஜென்சி என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. தரையிலிருந்து விமானங்களுக்கு வழிசொல்லும் கட்டுப்பாட்டாளர் இன்னொரு சுற்று போகச் சொல்லி, ‘உங்கள் எரிபொருளுக்கு அது சரிப்படுமா?’ என்று கேட்கவும் செய்தார். பதில் என்ன தெரியுமா? ‘சரிப்படும் என்று நினைக்கிறேன், மிக்க நன்றி.’ சற்று நேரத்தில் விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ‘மிக்க நன்றி’ என்னை இன்னும் உறுத்துகிறது.

அந்தக் கேள்வியையும் கொஞ்சம் கவனியுங்கள். ‘சரிப்படுமா?’ என்று கேட்டால் பணிவானவர் ‘சரி’ என்றுதான் சொல்வார். ‘இன்னும் எத்தனை நிமிடத்துக்கு இருக்கிறது?’ என்று கேட்டிருந்தால் எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும். மேனேஜர்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன். ‘வேலை நல்லா போகுதா?’ என்று கேட்காதீர்கள். ‘எது பாக்கி? யாரிடம் நிற்கிறது?’ என்று கேளுங்கள்.

எழுத்திலும் இதே கதைதான். 2003-இல் நாசாவின் ‘கொலம்பியா’ என்ற விண்கலம் கிளம்பும்போது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இறக்கையில் மோதியது. ஆபத்து உண்டா என்று பொறியாளர்கள் ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். தலைப்பைப் படித்தால் பயப்பட ஒன்றுமில்லை என்றே தோன்றும். மோதிய துண்டு, சோதனையில் பயன்படுத்திய துண்டைவிட 640 மடங்கு பெரியது என்று கணக்கிட்டிருந்தார்கள். அந்த அளவு வித்தியாசம் ஸ்லைடின் அடியில், துணைக் குறிப்புக்குள் துணைக் குறிப்பாகக் கிடந்தது. தலைப்பாக வந்திருக்க வேண்டியதே அதுதான். விண்கலம் திரும்பும் வழியில் சிதறி ஏழு பேரும் இறந்த பிறகு, விசாரணைக் குழு அந்த ஸ்லைடை எடுத்துவைத்துக் குறை சொன்னது.

நம் மெயில்களில் உயிர் போவதில்லை, ஆர்டர்தான் போகிறது. இப்படி ஒரு மெயில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

‘தங்களின் மேலான கவனத்திற்கு. நாம் பேசியபடி பணிகள் நல்ல முறையில் நடைபெற்று வருகின்றன. எனினும் மூலப்பொருள் வருவதில் ஏற்பட்டுள்ள சிறு சிக்கலால் சற்றுத் தாமதமாக வாய்ப்புள்ளது. தங்கள் ஒத்துழைப்பை எதிர்நோக்குகிறோம்.’

சற்று என்றால் ஒரு நாளா, ஒரு மாதமா? ஒத்துழைப்பு என்றால் நான் என்ன செய்ய வேண்டும்? இப்போது இதைப் பாருங்கள்:

‘சரக்கு 12ஆம் தேதி கிளம்பாது, 19ஆம் தேதிதான் கிளம்பும். வருந்துகிறோம். பாதியை 12ஆம் தேதியே அனுப்ப முடியும், அனுப்பட்டுமா? நாளை மதியத்துக்குள் சொன்னால் வண்டி ஏற்பாடு செய்துவிடுவோம். தாமதத்தின் காரணம் கீழே.’

இதில் மரியாதை எங்கே குறைந்தது? படிப்பவரின் நேரத்தை மதித்திருக்கிறோம், முடிவெடுக்க வழியும் விட்டிருக்கிறோம். காரணத்தைக் கீழே தள்ளியது வேண்டுமென்றேதான். நாம் வழக்கமாகக் காரணத்தில்தான் ஆரம்பிப்போம், அது நம்மைக் காப்பாற்றிக்கொள்ள. எதிரில் இருப்பவருக்கு முதலில் வேண்டியது தேதி.

மோசமான செய்தி என்றால் முதலில் போன் செய்யுங்கள். வருத்தம் குரலில் தெரியும், மெயிலில் எத்தனை ‘மிகவும்’ போட்டாலும் தெரியாது. ஆனால் போனோடு விட்டுவிடாதீர்கள். பேசி முடித்த கையோடு, ஒப்புக்கொண்ட தேதி, அளவு, யார் செய்வது என்பதை மட்டும் மெயிலில் போட்டுவிடுங்கள். சப்ஜெக்ட் வரியில் ‘முக்கியம்’ என்று எழுதாதீர்கள், எல்லாருமே அதைத்தான் எழுதுகிறார்கள். ‘சரக்கு 19ஆம் தேதி: பாதியை முன்னதாக அனுப்ப உங்கள் முடிவு தேவை’ என்று எழுதுங்கள். மெயிலைத் திறக்காதவருக்கும் விஷயம் போய்ச் சேரும்.