"ஜப்பான்காரன் குண்டு போட்ட வருசம்" எது?

வணக்கம். சாவகச்சேரியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: "எங்கட அப்பம்மாட்ட வயசைக் கேட்டால், 'ஜப்பான்காரன் குண்டு போட்டு ரெண்டு கிழமையில பிறந்தனான்' எண்டுதான் சொல்லுவா. அது எந்த வருசம் அண்ணை? யாழ்ப்பாணத்திலயோ போட்டவங்கள்?"

நல்ல கேள்வி தங்கச்சி. வருசம் 1942. யாழ்ப்பாணத்தில இல்லை. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறண்டு காலமை கொழும்பில போட்டவங்கள். நாலு நாள் கழிச்சு, 9ஆம் திகதி, திருகோணமலையில. சிங்கப்பூர் விழுந்தாப்பிறகு வெள்ளைக்காரன்ர கடற்படை இலங்கைத் துறைமுகங்களைத்தான் நம்பியிருந்தது, அதைத்தான் அடிக்க வந்தவங்கள்.

திருகோணமலைக்குப் போனால் சீனக்குடா எண்ணெய்க் குதங்களைப் பாருங்கோ. அங்க 91ஆம் இலக்கத் தாங்கியில ஒரு ஜப்பான் விமானம் வந்து மோதி, ஏழு நாள் நிண்டு எரிஞ்சதெண்டு சொல்லுவினம். தடிச்ச இரும்புத் தகடு சூட்டில இளகி, வாடின வாழையிலை மாதிரி மடிஞ்சுபோய்க் கிடக்கும். அண்டைக்குத்தான் மட்டக்களப்புக் கடலில வெள்ளைக்காரன்ர ஹேர்மிஸ் எண்ட விமானந்தாங்கிக் கப்பலும் தாண்டது. அதில 307 பேர் செத்தவை. தாக்குதல் நேரம் அந்தக் கப்பலில ஒரு விமானமும் இருக்கேல்லை. அதை நினைச்சால் எனக்கு இப்பவும் நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யும்.

அந்தச் சண்டைக்காலத்திலதான் எங்கட பலாலி ஓடுபாதையையும் வெள்ளைக்காரன் போட்டவன். பிறகு அது எங்கட சண்டையில எப்பிடிப் பாவிக்கப்பட்டதெண்டு உங்கட வீட்டில கேட்டால் தெரியும்.

தங்கச்சி, உங்கட கேள்வியில என்னைப் பிடிச்சது அப்பம்மா சொன்ன விதம். "குண்டு போட்ட வருசம்" எண்டு அவ சொன்னால் அந்தக் காலத்து ஆக்கள் எல்லாருக்கும் விளங்கும், ஏனெண்டால் அவையளுக்கு ஒரு குண்டு வருசம்தான். என்ர அம்மாவுக்கு அப்பிடியில்லை. தம்பி பிறந்ததை "பங்கருக்குள்ள வெள்ளம் நிண்ட மாரி" எண்டுவா. எந்த மாரியம்மா எண்டால் யோசிப்பா. பனங்குத்தி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர், குண்டு போடுற சகடை விமானம் சுத்துற சத்தம், கையில பிள்ளை. எல்லாம் ஞாபகம், வருசம் மட்டும் பிடிபடாது. 95இல நவாலி தேவாலயத்தில போட்டதை மட்டும் ஜூலை 9 எண்டு திகதியோட சொல்லுவா. அண்டைக்கு அங்க இடம்பெயர்ந்து வந்திருந்த சனம் நூற்றுக்கு மேல செத்தது.

சரி, அப்பம்மான்ர வயசுக்கு வருவம். அவவின்ர சாதகக் குறிப்பு இருந்தால் எடுத்துப் பாருங்கோ. குண்டு விழுந்தது விஷு வருசம் பங்குனிக் கடைசியில. ரெண்டு கிழமை எண்டால் புதுவருசமும் பிறந்திட்டுது. அப்ப "சித்திரபானு வருடம், சித்திரை மாதம்" எண்டு எழுதியிருக்க வேணும். "விஷு" எண்டு கிடந்தால் அவ குண்டு விழுந்து ரெண்டு கிழமை ஆகமுதலே, புதுவருசத்துக்கு முந்தியே பிறந்திட்டா. பாத்திட்டு எனக்கும் சொல்லுங்கோ.