காற்றை ஃபோட்டோ எடுக்க முடியுமா? 1886-லேயே எடுத்துவிட்டார்கள்!

[காட்சி: பழவேற்காடு கரை. தூரத்தில் ராக்கெட் ஒன்று மேலே ஏறுகிறது.]

வணக்கம் நண்பர்களே. ராக்கெட் ஏறுவது தெரிகிறதா? சத்தம் இன்னும் வரவில்லை. ஏவுதளம் இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஒன்றரை நிமிடம் கழித்துதான் அந்த உறுமல் நம் காதுக்கு வரும். ஆனால் ராக்கெட் இப்போதே ஒலியைத் தாண்டிவிட்டது. அதைச் சுற்றி இருக்கிற காற்று அழுத்தம் தாங்காமல் அதிர்ச்சி அலையாக மாறிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த அலையை விமானமே இல்லாத காலத்தில் இரண்டு பேர் படம் பிடித்துவிட்டார்கள். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். காற்றின் அடர்த்தி மாறும் இடத்தில் ஒளி கொஞ்சம் வளையும். வெயில் விழும் வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு அகல் விளக்கை ஏற்றிப் பிடியுங்கள். சுடருக்கு மேலே நெளிந்து போகிற சூடான காற்றின் நிழல் சுவரில் தெரியும். 1864-ல் ஆகஸ்ட் டோப்ளர் என்ற ஜெர்மானியர் இந்த வளைவைக் கூர்மையாகக் காட்ட ஒரு வழி செய்தார். ஒளியை ஒரு புள்ளியில் குவித்து, அந்தப் புள்ளியில் கத்தி முனையை வைத்துப் பாதி ஒளியை மறைத்தார். கொஞ்சம் வளைந்த கதிர்கூட ஒன்று கத்தியில் மாட்டும், இல்லையென்றால் தப்பித்துப் போகும். அதனால் படத்தில் கருப்பும் வெள்ளையும் பிரியும். இதற்கு ஷ்லீரன் முறை என்று பெயர்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். தயவுசெய்து ஓட்டிவிடாதீர்கள்.

[காட்சி: பழைய கருப்பு வெள்ளைப் படம். நடுவில் தோட்டா, முன்னால் வில் போல வளைந்த கோடு.]

பிராகாவில் எர்ன்ஸ்ட் மாக் என்ற இயற்பியலாளர் துப்பாக்கித் தோட்டாவைப் படம் எடுக்கப் பார்த்தார். படத்தில் தோட்டா பதிந்தது, ஆனால் அலை பதியவில்லை. கருவி சரியாகத்தான் இருந்தது. தோட்டாதான் ஒலியை விட மெதுவாகப் போயிருக்கிறது! ஒலியைத் தாண்டாத தோட்டாவுக்கு முன்னால் அதிர்ச்சி அலை எப்படி வரும்? பிறகு 1886-ல் ஃபியூமே கடற்படைக் கல்விக்கூடத்தில் பேராசிரியராக இருந்த பீட்டர் சால்ஹர் வேகமான துப்பாக்கியை வைத்து அதே சோதனையைச் செய்தார். அந்த ஊர் இன்று குரோஷியாவில் இருக்கிற ரியேகா. படத்தில் அலை அப்படியே விழுந்தது. 1887-ல் இருவரும் சேர்ந்து வெளியிட்டார்கள்.

வினாடிக்கு 500 மீட்டர் போகிற தோட்டா, ஆயிரத்தில் ஒரு வினாடியில் அரை மீட்டர் தாண்டிவிடும். எந்த ஷட்டரும் இதற்கு உதவாது. அதனால் இருட்டில் கேமராவைத் திறந்தே வைத்துவிட்டு ஒரு மின்பொறியை வெளிச்சமாக்கினார்கள். பொறியைத் தட்டிவிட்டது யார் தெரியுமா? தோட்டாவேதான். வழியில் இருந்த கம்பிகளில் அது பட்டதும் சுற்று முடிந்து பொறி தெறித்தது. உலகின் அதிவேக செல்ஃபி இதுதான் என்று நான் சொல்வேன், நீங்கள் மறுக்கலாம்.

அதை விட அழகான விஷயம், அந்தப் படத்திலிருந்தே தோட்டாவின் வேகத்தைக் கணக்குப் போடலாம் என்பதுதான். ஒலி ஒரு மீட்டர் பரவும் நேரத்தில் தோட்டா இரண்டு மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மீட்டரைக் கர்ணமாகவும், ஒரு மீட்டரை எதிர்ப்பக்கமாகவும் வைத்து ஒரு செங்கோண முக்கோணம் போடுங்கள். கோணம் 30 டிகிரி வரும். அதாவது தோட்டா போகும் பாதைக்கும் அலைக்கும் நடுவில் 30 டிகிரி இருந்தால், வேகம் ஒலியைப் போல இரண்டு மடங்கு, மாக் 2. கோணம் குறையக் குறைய வேகம் அதிகம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். தோட்டாவின் மூக்குப் பக்கத்தில் அலை வளைந்து நிற்கும், அங்கே அளந்தால் கணக்கு தப்பும். தள்ளிப் போய், கோடு நேராகிற இடத்தில் பாகைமானியை வையுங்கள். பத்தாம் வகுப்புக் கோணவியலும் ஜியோமெட்ரி பாக்ஸும் போதும், காற்றை வேகமாக ஓடவிட்டுச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் எடுத்த அதிர்ச்சி அலைப் படத்தையும் நீங்களே படித்துவிடலாம். எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை.

அப்புறம், இதெல்லாம் அந்தக் காலத்தில் கண்ணாடித் தட்டிலும், பிறகு ஃபிலிமிலும் விழுந்த படம் என்பதை மறக்கக் கூடாது. பொறி தெறித்ததும் வெளிச்சம் பட்ட வெள்ளி புரோமைடு துகள்களில் சில அணு அளவுக்கு வெள்ளி உருவாகும். அந்த நிலையில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மெட்டால், ஹைட்ரோகுவினோன் போன்ற வேதிப்பொருள்கள் கலந்த டெவலப்பர் கரைசலில் போட்டால் அந்தத் துகள்கள் மட்டும் முழுதாகக் கறுக்கும். பிறகு ஹைப்போ என்ற கரைசலில் போட்டால் மிச்சம் கரைந்துபோகும்.

இதில் நம் ஊருக்கு ஒரு பிரச்சினை உண்டு, வெயில். டெவலப்பரை 20 டிகிரியில் வைக்கச் சொல்வார்கள். எட்டு நிமிடம் ஆகிற வேலை 24 டிகிரியில் ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். சித்திரையில் இங்கே தண்ணீரே 30-க்கு மேல் போகும். ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு அண்ணனிடம் கேட்டேன். "தம்பி, மீன் மார்க்கெட்டுக்கு வர்ற ஐஸை ட்ரேக்கு அடியில வச்சுட்டுத்தான் கைய வைப்போம். இல்லன்னா ஓரத்துல ஜெலட்டின் உரிஞ்சு வந்துடும்" என்றார். கல்யாண ஃபோட்டோவில் ஓரம் உரிந்தால் வெட்டிவிடலாம். காற்றுச் சுரங்கப் படத்தில் மூட்டம், அதாவது படம் முழுக்கப் படரும் சாம்பல் நிறம், கொஞ்சம் ஏறினாலும் மெல்லிய அலைதான் முதலில் காணாமல் போகும். ஆராய்ச்சியாளருக்கு வேண்டியதும் பெரும்பாலும் அதுதான். டார்க் ரூமில் நின்று ஃபிலிம் கழுவியவர்களுக்கு இந்தத் துறையில் போதுமான மரியாதை கிடைக்கவில்லை என்பது என் உறுதியான கருத்து.

[காட்சி: ஏரி. அக்கரை.]

ஏரிக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் இருக்கும் ஏவுதளத்துக்கு 2002-ல் சதீஷ் தவான் பெயரை வைத்தார்கள். அவர் இஸ்ரோ தலைவர் என்றுதான் பெரும்பாலோருக்குத் தெரியும். அதற்கு முன்னால் அவர் காற்றியக்கவியல் ஆள், அதாவது பொருள்களைச் சுற்றிக் காற்று எப்படி ஓடுகிறது என்று ஆராய்பவர். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் லீப்மன், ரோஷ்கோ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்களுடன் சேர்ந்து அதிர்ச்சி அலை ஒரு பரப்பில் மோதித் திரும்பும்போது என்ன ஆகிறது என்று ஆராய்ந்தார். 1952-ல் வந்த அந்த அறிக்கையில் ஷ்லீரன் படங்களும் சாட்சி. 1951-ல் பெங்களூர் வந்தவர், இந்திய அறிவியல் கழகத்தில் ஒலியை மிஞ்சும் காற்றுச் சுரங்கங்களைக் கட்டினார்.

சரி, உங்களுக்கு ஒரு வேலை. இப்போது திரையில் வரும் படத்தை நிறுத்தி வையுங்கள். அலைக்கும் பாதைக்கும் நடுவில் 45 டிகிரி. நம் வெயிலில் ஒலி வினாடிக்கு 350 மீட்டர் போகும். தோட்டாவின் வேகம் என்ன? கால்குலேட்டர் எடுக்கலாம், தப்பில்லை. ஆரம்பாக்கம், தடா, சூளூர்ப்பேட்டை பக்கம் இருந்து பார்க்கிறவர்கள் விடையோடு ஊர்ப் பெயரையும் கமெண்டில் போடுங்கள். வீட்டில் பழைய நெகட்டிவ் கழுவிய பெரியவர்கள் இருந்தால், வெயில் காலத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டு அதையும் எழுதுங்கள்.