துடுப்பின் நுனியில் காது வைத்து

வணக்கம். வானொலி கேட்டுக்கொண்டிருக்கும் அன்பு நேயர்களுக்கும், என்னைப் பேச அழைத்த நிலையத்தாருக்கும் என் நன்றி.

பல ஊர் பார்த்து வந்த ஆள் என்பதால், அந்த ஊர்களின் தெருவிலும் ஆற்றங்கரையிலும் எல்லாருக்கும் பொதுவாய் வைத்திருக்கிற கலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் சித்திர ஆசிரியன். இருபத்தைந்து வருடமாய்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் படம் கீறச் சொல்லிக்கொடுக்கிறேன். லீவும் கையில் கொஞ்சம் காசும் ஒன்றாய்ச் சேர்ந்தால் ஏதாவது ஒரு நகரத்துக்குப் புறப்பட்டுவிடுவேன். எனக்கு மியூசியத்தைவிட வெளியில் நிற்பதைப் பார்க்கத்தான் ஆசை. டிக்கெட் வாங்க முடியாதவரும் பார்க்கிற கலை அதுதானே.

சிங்கப்பூரில் நான் அதிக நேரம் நின்ற இடம் ஆற்றங்கரை. கவனா பாலத்துக்குப் பக்கத்தில் ஐந்து சிறுவர்கள் உடுப்பில்லாமல் ஆற்றில் குதிக்கிறார்கள். எல்லாரும் வெண்கலச் சிறுவர்கள். முன்னால் குதித்தவன் கரையை விட்டு அந்தரத்தில் நிற்கிறான், மற்றவர்கள் விளிம்பில். சோங் பா சியோங் என்ற சிற்பி 2000ஆம் ஆண்டில் செய்தது. பீடம் இல்லை, சுற்றிக் கம்பிவேலி இல்லை. நாம் நடக்கிற அதே கல்லில் அவர்களும் நிற்கிறார்கள். ஒரு காலத்தில் அந்த ஆறு நாறிக் கிடந்தது. 1977இல் தொடங்கிப் பத்து வருடம் பாடுபட்டுத் துப்புரவாக்கினார்கள். அதற்கெல்லாம் முன்பு அந்தத் தண்ணீரில் குதித்து விளையாடிய பிள்ளைகளின் நினைவு அது.

அதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் மட்டக்களப்பின் கல்லடிதான் கண்ணுக்குள் வந்தது. சின்ன வயதில் நானும் என் கூட்டாளிமாரும் மட்டக்களப்பு வாவியில் இப்படித்தான் குதித்தோம். சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ஒரு தலைவருக்குச் சிலை வைத்திருந்தால் நான் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போயிருப்பேன். அந்த இடத்தில் நடந்ததை அந்த இடத்திலேயே வைத்ததால்தான் வேற்றூர்க்காரனான எனக்கும் அது பட்டது.

பினாங்குக்கும் போனேன். ஜோர்ஜ் டவுனில் ஆர்மீனியன் வீதிச் சுவரில் அக்காவும் தம்பியும் சைக்கிளில் போகிற படம் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் சுவரில் கீறியவர்கள். சைக்கிள் மட்டும் நிசச் சைக்கிள், சுவரோடு பொருத்தியது. லித்துவேனியா நாட்டு ஓவியர் ஏர்னஸ்ட் சகாரெவிச் 2012இல் வரைந்தார். படம் எடுக்க வரிசையாய் நிற்கிறார்கள், நானும் நின்றேன். அழகான வேலை. அப்புறம் பல நாட்டு நகரங்களிலும் சுவரில் பொருளைப் பொருத்திப் படம் கீறுவது ஒரு வழக்கமாகிவிட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை. பினாங்கின் காரைபெயர்ந்த பழைய கடைச்சுவர் இருந்ததால்தான் அந்தப் பிள்ளைகளுக்கு உயிர் வந்தது. புதுச்சுவரில் கொண்டுபோய்ப் பொருத்தினால் மிஞ்சுவது சைக்கிள் மட்டும்தான்.

சென்னையில் மெரினாவின் உழைப்பாளர் சிலையை எல்லாருக்கும் தெரியும். 1959இல் வைத்தது, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நான்கு பேர் பாறையை நெம்புகிறார்கள். அதைவிட என்னை யோசிக்க வைத்தது கண்ணகி நகர். நகரத்துக்குள் குடிசைகளில் இருந்த சனங்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய மாடி வீடுகள் அவை. 2020இல் ஓவியர்கள் அந்த மாடிச் சுவர்களில் ஆள் உயரத்தை விடப் பல மடங்கு பெரிய முகங்களை வரைந்தார்கள். மட்டக்களப்பில் எங்களுக்குக் கண்ணகி என்றால் அம்மன், வைகாசியில் வருகிற குளிர்த்தித் திருவிழா, ஊரே கூடுகிற கோயில் முற்றம். அந்தப் பெயர் வைத்த இடத்தில் நின்று அந்த முகங்களை அண்ணாந்து பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. படத்துக்குக் கீழே கயிற்றில் உடுப்புக் காய்ந்தது, ஒரு அம்மா மீன் வெட்டினார், பிள்ளைகள் கிரிக்கெட் அடித்தார்கள். யாரும் படத்துக்காக விலகி நிற்கவில்லை.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், நான் ஒருமுறை ஆளை விலக்கினவன்.

2019 கடைசியில் இலங்கை முழுக்க இளைஞர்கள் மதில்களுக்குப் பெயின்ட் அடித்தார்களே, ஞாபகம் இருக்கும். எனக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. கடற்கரைப் பக்கமாய் ஒரு மதில் கிடைத்தது. யாழும் மீனுமாய்ப் பெரிய படம் ஒன்று திட்டமிட்டோம். அந்த மதிலடியில், வேம்பு நிழலில், ஒருவர் சைக்கிள் திருத்துவார். தண்ணீர்ச் சட்டி, பம்ப், பழைய டியூப் நாலைந்து, அவ்வளவுதான் கடை. பக்கத்தில் ஒரு மரக்குற்றி. டியூப் ஒட்டும் வரைக்கும் அதில் உட்கார்ந்து ஆக்கள் கதைப்பார்கள். அவர் இருந்தால் படம் மறையும் என்று, கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லிக் கேட்டது நான்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "சரி சேர்" என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். வேம்பின் தாழ்ந்த கிளைகளையும் வெட்டினோம்.

படம் நன்றாக வந்தது. பார்க்கத்தான் அங்கே யாரும் நிற்கவில்லை. நிழல் இல்லை, இருக்கக் குற்றி இல்லை, எதற்கு நிற்பார்கள்? மறுகா மாரி வந்தது. எங்கள் கரையோர மதில்களில் நிலத்து ஈரம் மேலே ஏறும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு ஏறும். பிளாஸ்டிக் பெயின்ட் அந்த ஈரத்தை வெளியே விடாது. உள்ளே உப்புப் பூத்து, பெயின்டைச் செதில் செதிலாய்த் தள்ளிவிடும். சுண்ணாம்பு என்றால் சுவர் மூச்சு விடும், எங்கள் பழைய ஆக்கள் அதைத்தான் பூசினார்கள். இரண்டாவது மாரியோடு என் யாழில் பாதி உதிர்ந்து நிலத்தில் கிடந்தது. அதைவிட எனக்கு வலித்தது அந்த மரக்குற்றி இல்லாத இடம்.

எங்கள் ஊரில் இதை அறியாதவர்களா இருந்தார்கள்? கூத்து ஆடுகிற களரியை நினைத்துப் பாருங்கள். எங்கள் கூத்தின் இரண்டு வகை, வடமோடி என்றாலும் தென்மோடி என்றாலும் வட்டக் களரிதான். மண்ணைக் குவித்து வட்டமாய் உயர்த்தி, சுற்றிக் கம்பு நட்டு, மேலே வெள்ளைத் துணி கட்டுவார்கள். சனம் நாலு பக்கமும் பாயை விரித்துப் படுத்திருக்கும், பிள்ளை மடியில் தூங்கும். ஆடுகிறவர் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஆடமுடியாது, சுற்றிச் சுற்றி எல்லாருக்கும் முகம் காட்ட வேண்டும். எதிர்ப் பக்கத்தில் இருக்கிறவரின் முகமும் நமக்கு விளக்கொளியில் தெரியும். கூத்தையும் பார்க்கிறோம், ஊரையும் பார்க்கிறோம். நான் போன நகரங்களில் கோடி கோடியாய்ச் செலவழித்துக் கட்டிய சதுக்கங்கள் உண்டு. ஒன்றிலாவது அப்படி ஒருவரை ஒருவர் பார்த்து உட்கார்ந்த சனத்தை நான் காணவில்லை.

இன்னும் நான் போகாத ஊர் ஒன்றைப் பற்றியும் சொல்லவேண்டும். குரோசியா நாட்டில் சாடர் என்று ஒரு துறைமுக நகரம். அங்கே கடலோரம் எழுபது மீற்றர் நீளத்துக்குக் கல் படிக்கட்டு. படிகளுக்குள்ளே முப்பத்தைந்து குழாய்கள். அலை வந்து மோதும்போது குழாயில் காற்று ஏறி ஊதும். கடலே வாசிக்கிற இசை. நிக்கோலா பாசிச் என்ற கட்டடக்கலைஞர் 2005இல் அமைத்தார். பொழுதுபடுகிற நேரத்தில் சனம் அந்தப் படிகளில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது.

அதை அறிந்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. வாவியே பாடுகிற ஊரல்லவா நம்முடையது! மீன்பாடும் தேன்நாடு என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். எத்தனை பிள்ளைகள் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறார்கள்? எமர்சன் ரெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி 1848இல் இங்கே வள்ளத்தில் போய்க் கேட்டு எழுதி வைத்தார். வள்ளத்தின் பலகையில் காதை வைத்தால் ஓசை கூடியது என்றும் எழுதியிருக்கிறார். பாடுவது மீனா, ஊரி என்கிற நத்தையா என்பது வேறு கதை.

நான் கேட்டது போன வருடம்தான். பழைய கல்லடிப் பாலத்தில் தூண்டில் போடுகிற ஒரு முதியவரைப் பழக்கம். ஒரு நிலவு இரவில் தன் தோணியில் ஏற்றி, பாலத்தின் கீழே கொண்டுபோய், துடுப்பைத் தண்ணீரில் நிமிர்த்திப் பிடித்தார். "இதில காதை வையுங்க சேர், மூச்சை அடக்குங்க" என்றார். முதலில் என் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான். பிறகு அடியிலிருந்து மெல்லிய ஒரு முனகல், கம்பி அதிர்ந்தாற்போல, விட்டு விட்டு. மேலே பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று போனது, முனகல் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது.

அன்றிலிருந்து என் ஆசை ஒன்றே. வாவிக்கரையில் சில படிகள், ஒரு பக்கம் வேம்பு நிழல், தண்ணீருக்குள் இறங்கும் நாலு மரத்தூண், அதன் தலையில் காது வைக்க வழவழப்பான ஒரு இடம். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் எட்ட வேண்டும். பெரிய செலவில்லை, வெளியூர்ச் சிற்பி தேவையில்லை, தச்சர் எங்களிடமே இருக்கிறார்கள்.

இந்த முறை அவசரப்படவில்லை. பிள்ளைகளிடம் கொப்பியைக் கொடுத்து, யார் எங்கே எத்தனை மணிக்கு உட்காருகிறார்கள் என்று மட்டும் எழுதி வரச்சொன்னேன். ஒரு பிள்ளை எழுதி வந்தது: பின்னேரம் ஐந்து மணிக்கு டியூஷன் வகுப்பு விடும் வரை அம்மாமார் பலர் வெயிலில் மதிலோரம் நிற்கிறார்கள், உட்கார ஒன்றுமில்லை. இன்னொன்று சைக்கிள் திருத்துகிறவரைக் கண்டுபிடித்து வந்தது. இரண்டு சந்தி தள்ளி, ஒரு கடைத் தாழ்வாரத்தில் இருக்கிறார். போய் மன்னிப்புக் கேட்டேன். படிகள் கட்டினால் வேம்புக்குக் கீழே அவருக்கு ஒரு இடம் என்று வரைபடத்தில் இப்போதே குறித்து வைத்திருக்கிறோம்.

வருகிற போயா இரவு, அதாவது பௌர்ணமி இரவு, மழை இல்லாவிட்டால், எட்டு மணிக்குப் பழைய பாலத்தின் கல்லடிப் பக்கம் நிற்போம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தோணிக்காரர் இரண்டு துடுப்புக் கொண்டுவருவதாய்ச் சொல்லியிருக்கிறார்.

நன்றி, வணக்கம்.